எல்எஸ்1 என்ஜினில் நைட்ரஸ்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

1998 முதல் 2002 வரை வந்த செவ்ரோலே கமாரோ, போன்டியாக் ஃபயர்பேர்ட் கார்களில் உள்ள 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 என்ஜினை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். உள்ளே எதையும் மாற்றாத என்ஜின். 100 முதல் 150 குதிரைத்திறன் வரை கூட்டும் வெட் கிட். அதாவது நைட்ரஸும் அதற்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலும் ஒரே நாசிலிலிருந்து பீய்ச்சும் வகை. வேறு என்ஜினுக்கு எண்கள் மாறும், காரணங்கள் பெரும்பாலும் மாறாது.

நைட்ரஸ் ஆக்சைடு எரியக்கூடிய வாயு கிடையாது. சிலிண்டருக்குள் 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. எடைக் கணக்கில் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோல் அதே நொடியில் வந்தாக வேண்டும். கலவை வேகமாக எரிவதால் ஸ்பார்க் கொஞ்சம் தாமதமாக வர வேண்டும். பிஸ்டன் உருகியது, ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு) உடைந்தது என்று வரும் என்ஜின்களைப் பிரித்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த இரண்டில் ஒன்று தவறியிருக்கும். ஜெட் (பாயும் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) அளவைக் கூட்டுவதற்கு முன் பெட்ரோலையும் டைமிங்கையும் (ஸ்பார்க் வரும் நேரம்) அளந்து பார்த்துவிடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

கீழே வரும் எல்லாச் சோதனைக்கும் ஒரே தொடக்கம்தான். கோளாறு தெரிந்தவுடன் காலை எடுங்கள், பாட்டில் வால்வை மூடுங்கள், லைனில் மிச்சமிருப்பதை வெளியேற்றுங்கள். பிறகு நைட்ரஸ் இல்லாமல் அதே கியரில், அதே ஆர்பிஎம்மில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கோளாறு இருந்தால் அது என்ஜினின் பழைய நோய். அதைச் சரிசெய்யாமல் பாட்டிலைத் தொடக்கூடாது. இந்தச் சோதனைகள் பந்தயத் தடத்திலோ டைனோவிலோ (காரை நிறுத்திவைத்தே வலுவை அளக்கும் உருளை மேடை) செய்வதற்கானவை. பொதுச் சாலையில் பாட்டில் மூடியே இருக்கட்டும்.

கிட்டைப் பொருத்துவதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள்

ஆயில் குடிக்கும் என்ஜின்: எல்எஸ்1-இல் இது சாதாரணமாகக் காணும் ஒன்று. பிசிவி (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) வழியாக ஆயில் ஆவி இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இழுக்கப்படுகிறது. திராட்டில் பாடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். மேனிஃபோல்டின் அடியில் ஆயில் தேங்கியிருந்தால் அதுவும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது என்று பொருள். ஆயில் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். சாதாரண ஓட்டத்தில் தெரியாத நாக்கிங் (கலவை சீராக எரியாமல் தானே வெடிப்பது) நைட்ரஸ் விழும்போது வரும். பிசிவி குழாயில் ஆயிலைப் பிடித்துவைக்கும் ஒரு கேட்ச் கேன் போடுங்கள், மேனிஃபோல்டைக் கழற்றித் துடையுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

கம்ப்ரஷன் சமமாக இல்லை: எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லீக்டவுன் சோதனையில் (சிலிண்டருக்குள் காற்றை அடித்துக் கசிவை அளப்பது) கசிவு 10 சதவீதத்தைத் தாண்டினால், காற்று எங்கே போகிறது என்று கேளுங்கள். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, திராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

நைட்ரஸ் இல்லாமலே ஸ்கேனரில் நாக் ரிட்டார்ட் காட்டுகிறது: முழு ஆக்சிலரேட்டரில் கணினி தானாக டைமிங்கை இழுத்துக்கொள்கிறது என்றால் கார்பன் படிவு, மோசமான பெட்ரோல், அதிக வெப்பம் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய் சேசியில் இடிக்கும் சத்தத்தையும் நாக் சென்சார் நாக்கிங் என்று எடுத்துக்கொள்ளும். முதலில் அதைத் தேடுங்கள்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

பாட்டிலை மூடி, லைனைக் காலி செய்து, எரிபொருள் சோலனாய்டின் (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) வயரையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சிஸ்டத்தை ஆன் செய்து நைட்ரஸ் சோலனாய்டின் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். மின்சாரம் வரவே இல்லையென்றால் வரிசையாகப் பின்னோக்கிப் போங்கள்: ரிலே, ஃப்யூஸ், விண்டோ ஸ்விட்ச் (குறித்த ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும் நைட்ரஸை விடுவது), எரிபொருள் அழுத்த ஸ்விட்ச், திராட்டில் ஸ்விட்ச். இந்தக் கார்களில் திராட்டில் கேபிளால் இயங்குவது. மைக்ரோஸ்விட்ச் முழுத் திறப்பில் மட்டுமே தட்டுப்படும்படி வைத்திருப்பார்கள். கால் மிதிக்கு அடியில் தடித்த மேட் இருந்தால் பெடல் கடைசி சில மில்லிமீட்டர் போகாது, ஸ்விட்சும் தட்டாது. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் நீங்களே பாருங்கள்.

மின்சாரம் வருகிறது, ஆனால் சோலனாய்டு தட்டும் சத்தம் இல்லை என்றால், வேலை செய்யும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் வயர் மெலிது, அல்லது எர்த் சரியில்லை. பெயின்ட்டின் மேல் முடுக்கிய எர்த் போல்ட் பலமுறை குற்றவாளியாகியிருக்கிறது. உலோகம் தெரியும்வரை சுரண்டி முடுக்குங்கள்.

காலி லைனில் தட்டுகிறது, பாட்டிலைத் திறந்தால் தட்டவில்லை என்றால் பாட்டில் அழுத்தம் மிக அதிகம். 1100 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தாண்டினால் சில சோலனாய்டுகளின் காயிலுக்கு பிளஞ்சரைத் தூக்கும் வலு போதாது. அழுத்தத்தை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். எரிபொருள் பக்கம் திறந்து நைட்ரஸ் பக்கம் திறக்காவிட்டால் கருப்புப் புகையோடு என்ஜின் அடைத்துக்கொள்ளும். அதையும் இங்கேயே தேட வேண்டும்.

முதலில் அடைக்கிறது, அரை நொடி கழித்துத்தான் இழுக்கிறது

பாட்டில் டிக்கியில், சோலனாய்டு என்ஜின் அருகில். இடையில் உள்ள நீளமான லைனில் முதலில் இருப்பது ஆவியாகிப்போன நைட்ரஸ். பெட்ரோல் உடனே வந்துவிடும், திரவ நைட்ரஸ் பின்னால் வரும். அந்த இடைவெளியில் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். லைனில் உள்ள ஆவியை வெளியேற்றும் பர்ஜ் வால்வு போட்டு, ஓட்டத்துக்குச் சற்று முன் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும்வரை திறந்துவிடுங்கள்.

பர்ஜ் செய்தும் அடைத்தால் பாட்டில் அழுத்தத்தைப் பாருங்கள். கிட்டோடு வரும் ஜெட் அட்டவணை 900 முதல் 950 பிஎஸ்ஐக்குப் போட்டது. நைட்ரஸின் அழுத்தம் வெப்பநிலையோடு மட்டுமே போகும்: 20 டிகிரியில் ஏறத்தாழ 735 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 915. குளிர்ந்த காலையில் பாட்டில் நிறைய நைட்ரஸ் இருந்தும் கலவை ரிச்சாகத்தான் இருக்கும். தெர்மோஸ்டாட்டோ அழுத்த ஸ்விட்சோ உள்ள பாட்டில் ஹீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள். டார்ச் தீயைக் காட்டிச் சூடாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த இடத்தில் அலுமினியத்தின் வலு போய்ப் பாட்டில் வெடிக்கும். அப்படிச் சூடாக்கிய பாட்டிலை மறுபடி நிரப்பவும் கூடாது.

வெயிலில் நின்ற காரில் சிக்கல் தலைகீழ். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்க முடியாது. அழுத்தம் 1050 பிஎஸ்ஐயைக் கடந்து ஏறிக்கொண்டே போகும், கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் போதாது. ஈரத்துணி போட்டு இறக்குங்கள்.

ஓட்டத்தின் நடுவில் வலு குறைகிறது

பாட்டிலைத் தராசில் வையுங்கள். 10 பவுண்டு பாட்டிலின் காலி எடை அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். 100 குதிரைத்திறனுக்கு 10 நொடியில் சுமார் 0.8 பவுண்டு செலவாகும், 150-க்கு 1.2 பவுண்டு. கடைசிக் கால் பங்கில் அழுத்தம் வேகமாக இறங்குவதால் அதை நம்பி ஓட்டம் வைக்க வேண்டாம்.

பாதிக்கு மேல் மிச்சமிருந்தும் வலு விழுந்தால் பாட்டில் வைத்த விதம் தவறு. உள்ளே உள்ள சைஃபன் குழாய் அடிப்பகுதியை நோக்கி வளைந்திருக்கும். வால்வு காரின் முன்பக்கம் பார்த்து, சுமார் 15 டிகிரி உயர்ந்து, பெயர் ஒட்டிய பக்கம் மேலே இருக்க வேண்டும். கார் பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும், குழாயின் வாயும் அங்கேதான் இருக்கும். திருப்பி மாட்டினால் குழாய் ஆவியைத்தான் உறிஞ்சும்.

அதுவும் சரி என்றால் பாட்டில் வால்வு முழுதும் திறந்திருக்கிறதா, சோலனாய்டு வாயில் உள்ள வலைவடி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளேர் (கூம்பு முனையே கசிவை அடைக்கும்) இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால், கிழிந்த துணுக்குகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஃபிளேருக்கு எதுவும் தேவையில்லை. குழாய் மரைக்கு மட்டும் டெஃப்லான் பேஸ்ட் போதும்.

நாக்கிங் சத்தம், ஸ்கேனரில் நாக் ரிட்டார்ட், பிளக்கில் வெள்ளிப் பொட்டு

என்ஜினை அழிக்கும் அறிகுறி இதுதான். ஒரு முறை கண்டால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எட்டு பிளக்கையும் கழற்றுங்கள்.

வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. பளபளக்கும் சின்னச் சின்ன வெள்ளி உருண்டைகள் இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அடுத்து எர்த் முனையைப் பாருங்கள். வளைந்திருக்கும் அந்தக் கம்பியில் நிறம் மாறும் கோடு ஒன்று தெரியும். கோடு வளைவின் நடுவில் இருந்தால் டைமிங் சரி. மரையை நோக்கி இறங்கியிருந்தால் டைமிங் அதிகம். நுனியில் நின்றால் குறைவு. கம்பி முழுதும் நீலம் பாய்ந்திருந்தால் வெப்பம் எல்லை மீறிவிட்டது. இப்படிப் படிப்பதற்குப் புதிய பிளக் வேண்டும். ஓட்டம் முடிந்த இடத்திலேயே என்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிவந்து கழற்ற வேண்டும். பிட்டுக்கு ஓட்டிவந்து கழற்றினால் தெரிவது ஐடிலின் நிறம்.

எட்டிலும் ஒரே மாதிரி என்றால் டைமிங், பெட்ரோல் தரம், பம்ப் என்ற பொதுக் காரணம். ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்த இன்ஜெக்டர், அல்லது நாசிலிலிருந்து வரும் கலவை சமமாகப் பிரியாதது.

டைமிங்: 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்பது தொடக்கக் கணக்கு. 100 ஷாட்டுக்கு (100 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் அளவு) 4, 150-க்கு 6 டிகிரி குறையுங்கள். நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். அது நாக்கிங் நடந்த பிறகுதான் டைமிங்கை இழுக்கும்.

பெட்ரோல் தரம்: அமெரிக்கப் பம்புகளில் எழுதியிருக்கும் கணக்கில் 93 ஆக்டேன். 91 மட்டுமே கிடைக்கும் ஊரில் 100 ஷாட்டோடு நிறுத்துங்கள், அல்லது பந்தய எரிபொருள் ஊற்றுங்கள். எல்எஸ்1-இன் கம்ப்ரஷன் விகிதம் 10-க்கு மேல் என்பதை மறக்க வேண்டாம்.

எரிபொருள் அளவு: கணக்கு எளிது. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரைப் பவுண்டு பெட்ரோல். 150 கூடுதல் என்றால் 75 பவுண்டு, அதாவது மணிக்கு 46 லிட்டருக்குப் பக்கத்தில். என்ஜின் தனக்கே குடிப்பது இதன் இரு மடங்கு. மொத்தமும் அதே பம்ப், அதே ஃபில்டர் வழியாக 58 பிஎஸ்ஐயில் வர வேண்டும். தொழிற்சாலை பம்ப் 150 ஷாட்டில் தன் எல்லையைத் தொட்டுவிடும். மணிக்கு 255 லிட்டர் வகை போட்டால் மூச்சுவிட இடம் இருக்கும். ஆனால் பெட்டியில் எழுதிய அளவு குறைந்த அழுத்தத்தில் எடுத்தது, 58 பிஎஸ்ஐயில் அது குறையும்.

இதை இரண்டு படியாகச் சோதியுங்கள். முதல் படியில் என்ஜின் ஓடாது. நைட்ரஸ் பக்கத்தைக் கழற்றி, இக்னிஷன் காயில் வயர்களை எடுத்துவிட்டு, எரிபொருள் லைனின் முனையில் ஜெட்டைப் பொருத்தி ஒரு அளவுக் குடுவையில் 30 நொடி பிடியுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 150-க்கான ஜெட்டில் 400 மில்லிக்கு அருகில் வர வேண்டும். 250 மில்லிதான் வந்தால் ஜெட், சோலனாய்டு, எரிபொருள் ரெயில் முனையின் ஷ்ரேடர் வால்வு (டயர் வால்வு போன்றது) இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று அடைத்திருக்கிறது. ஷ்ரேடர் வால்வின் உள்ஊசியைக் கழற்றாமல் இணைத்த கிட்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

இந்தச் சோதனையில் என்ஜின் பெட்ரோலைக் குடிப்பதில்லை, அதனால் பம்ப் நல்லது என்று இது நிரூபிக்காது. இரண்டாவது படி அதற்காக. டைனோவிலோ தடத்திலோ நைட்ரஸோடு முழு ஓட்டம் ஓடும்போது அழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். 58-லிருந்து 4, 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. ஐடிலில் 58 காட்டுகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இறங்கினால் முதலில் ஃபில்டர், அடுத்து பம்பின் முனையில் வோல்டேஜ். ஓட்டத்தின்போது அங்கே 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் தனி ரிலேயும் தடித்த வயரும் போடுங்கள். பம்பை மாற்றுவது அதற்குப் பிறகு.

எரிபொருள் அழுத்த ஸ்விட்சை 50 பிஎஸ்ஐயில் நைட்ரஸை வெட்டும்படி வையுங்கள். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் காற்று–எரிபொருள் விகிதம் 11.5 முதல் 11.8 வரை நிற்கட்டும். 12.5 காட்டினால் காலை எடுத்துவிடுங்கள். மீட்டர் சரியாக இருந்தும் ஒரு பிளக் மட்டும் வெளுத்திருந்தால் பிளக்கையே நம்புங்கள். மீட்டர் காட்டுவது நான்கு சிலிண்டர்களின் சராசரி.

நைட்ரஸ் விழுந்ததும் மிஸ் ஆகிறது

சிலிண்டரில் அடர்த்தி கூடும்போது ஸ்பார்க் தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தொழிற்சாலை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நைட்ரஸுக்கு 0.9-க்குக் குறையுங்கள். பிளாட்டினம் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய நுனி சூடேறிக் கனன்று, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். என்ஜிகே டிஆர்6 இந்த என்ஜினுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக். என்ஜிகே வரிசையில் எண் ஏற ஏற பிளக் குளிரும். மிஸ் தொடர்ந்தால் இரவில் பானட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள், எக்ஸாஸ்டில் பட்டு உருகிய பூட் பொறி கக்கும்.

இன்டேக்கில் வெடிக்கிறது

எல்எஸ்1-இன் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு காற்றுக்காக மட்டும் செய்தது. நைட்ரஸ் வெளிவரும்போது மைனஸ் 88 டிகிரிக்கு இறங்கும். கூட வரும் பெட்ரோல் ஆவியாகாமல் அடியில் தேங்கும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆகித் தீ பின்னோக்கி வந்தால் தேங்கியது மொத்தமாகப் பற்றும், மேனிஃபோல்டு சிதறும்.

விண்டோ ஸ்விட்ச் 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே நைட்ரஸைத் திறக்கவே கூடாது. நைட்ரஸ் நொடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் வருகிறது. ஆர்பிஎம் பாதியானால் ஒவ்வொரு இன்டேக் ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு மடங்கு போய்ச் சேரும். கனெக்டிங் ராடு வளைவதும் இந்த இடத்தில்தான். மேல் எல்லையை ரெவ் லிமிட்டருக்கு 200, 300 ஆர்பிஎம் கீழே வையுங்கள். இந்தக் கார்களில் லிமிட்டர் 6200-ஐ ஒட்டி இருப்பதால் 5900 பொருத்தம். லிமிட்டர் இன்ஜெக்டரை வெட்டும்போது நைட்ரஸ் திறந்திருந்தால் அந்த நொடியில் கலவை லீன்.

நாசிலை, உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாருக்குப் பின்னும் திராட்டிலுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் முன்னும், திராட்டில் தகட்டின் நடுவை நோக்கி வையுங்கள். சோலனாய்டிலிருந்து நாசில் வரை இரண்டு லைனும் ஒரே நீளம் இருக்கட்டும்.

ஆர்பிஎம் எகிறுகிறது, கார் நகரவில்லை

இது என்ஜின் கோளாறு இல்லை. மேனுவலில் கிளட்ச், ஆட்டோமேட்டிக்கில் 4எல்60இ கியர்பாக்ஸின் 3–4 கிளட்ச் தட்டுகள். ஆயிலை முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை வந்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஓட்டத்துக்குப் பின் நீலப் புகை, டிப்ஸ்டிக் வெளியே தள்ளியிருக்கிறது

லீக்டவுனில் ஒரே சிலிண்டரில் கசிவு, ஆயில் மூடியில் காற்றுச் சத்தம் என்றால் ரிங் லேண்ட் உடைந்திருக்கும். தொழிற்சாலை பிஸ்டன் ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினிய) வார்ப்பு; தேய்மானம் தாங்கும், நாக்கிங்கின் அடியைத் தாங்காது. நாக்கிங் இல்லாமலும் இது உடையும். சூட்டில் மேல் ரிங் விரிந்து இரு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் லேண்டையே பெயர்த்து எடுத்துவிடும்.

மறுபடி கட்டும்போது ஃபோர்ஜ்ட் (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போடுங்கள். மேல் ரிங் இடைவெளி போர் விட்டத்தின் 0.005 மடங்கு: 99 மில்லிமீட்டர் போருக்கு 0.50 மில்லிமீட்டர். பந்தயத்துக்கு மட்டும், பெரிய ஷாட் என்றால் 0.007 மடங்கு, அதாவது 0.69. இரண்டாவது ரிங்குக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக விடுங்கள். ரிங்கைப் போருக்குள் நேராகத் தள்ளி ஃபீலர் கேஜால் எட்டுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகள் ஒரு முறை மட்டும் முடுக்கும் வகை. பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஸ்டட் போடுவது மேல்.

நிறுத்திவைத்த காரில் பாட்டில் எடை குறைகிறது

வால்வை மூடாமல் விட்டிருந்தால் இது மிக ஆபத்தான நிலை. சோலனாய்டின் சீல் கசிந்தால் மேனிஃபோல்டு முழுதும் நைட்ரஸ் நிரம்பியிருக்கும், ஸ்டார்ட் செய்த கணமே வெடிக்கலாம். சந்தேகம் வந்தால் சாவியைத் தொடாதீர்கள். பாட்டிலை மூடி, திராட்டிலைத் திறந்துவைத்து, எரிபொருள் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில்களின் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் என்ஜினைப் பல சுற்று சுற்றவிடுங்கள்.

பிறகு நாசில் லைனைக் கழற்றி அதன் முனையைச் சோப்பு நீரில் முக்கி, பாட்டிலை மெல்லத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் பிளஞ்சர் சீல் போய்விட்டது. சோலனாய்டின் காயிலை நீண்ட நேரம் ஆனில் வைத்துச் சோதித்தவர்களின் கிட்டில் சூட்டாலேயே இந்த சீல் கெட்டிருக்கும். எரிபொருள் சோலனாய்டுக்கும் பம்பை மட்டும் ஓடவிட்டு இதையே செய்யுங்கள், லைன் முனையில் ஈரம்கூட வரக்கூடாது. பாட்டில் காரின் உள்ளே இருந்தால் வெடிப்புத் தகட்டின் (அழுத்தம் எல்லை மீறினால் உடைந்து வாயுவை விடுவது) வாயிலிருந்து வெளியே போகும் குழாய் கட்டாயம். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதியும் அதைக் கேட்கிறது, பாட்டிலில் டாட்-1800 (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் அழுத்தச் சான்று) முத்திரையையும் கேட்கிறது. சீல் மாற்றிய சோலனாய்டை அழுத்தத்தோடு ஒரு இரவு முழுதும் மேசையில் வைத்து, காலையில் அழுத்தம் இறங்காமல் இருந்தால் மட்டும் காரில் ஏற்றுங்கள்.